பீட்டில்சை இறக்கிய கிட்டார்

1964ஆம் ஆண்டு. உலகமே பீட்டில்ஸ் பித்துப் பிடித்துக் கிடந்த நேரம். சிங்கப்பூர்ப் பாடல் தரவரிசையில் அவர்களின் ‘ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்’ பாடலை முதலிடத்திலிருந்து இறக்கியது நம்மூர் ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷாண்டி’. அதில் பாடகரே கிடையாது, முழுக்க வாத்திய இசை. மெட்டமைத்தவர் குழுவின் ஹென்றி சுவா. முன்னணி கிட்டார் ரெஜி வர்கீஸ்.

ரெஜி 2015இல் காலமானார். முப்பதுகளில் இருக்கும் என் நண்பர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் “யார் அது?” என்றுதான் கேட்கிறார்கள். ‘ஷாண்டி’யைப் போட்டுக் காட்டினால், “இது சிங்கப்பூரா!” என்பது அடுத்த கேள்வி.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் இங்கு வந்து ஹேப்பி வோர்ல்டு அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார்கள். அதன்பின் கிட்டார் வாங்காத பையன் இல்லை என்ற நிலை. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய குவெஸ்ட்ஸ் குழுவும் அந்த அலையில் பிறந்ததுதான். ரெஜி பிறகு வந்து சேர்ந்தார்.

அவர் வாசிப்பில் எனக்குப் பிடித்தது நிதானம். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்கும். வேகத்தைக் காட்டி மிரட்டும் ஆசையே இல்லை. மெட்டைப் பாடகர் பாடுவதுபோல் கிட்டாரைப் பாட வைப்பார். மேடையில் குதிப்பவர்களைத்தான் ராக் கலைஞர்களாக நினைவில் வைக்கிறோம். இப்படிப்பட்டவர்கள் தவறிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

இன்னொரு காரணம், பின்னணி வாத்தியக்காரர் என்ற இடம். ரீட்டா சாவ், சக்குரா தெங் ஆகியோரின் மாண்டரின் ‘அகோகோ’ பாடல்களுக்கும் குவெஸ்ட்ஸ் வாசித்தது. இந்தியர் ஒருவரின் கிட்டார், சீனப் பாடகியின் குரல், மேற்கத்தியத் தாளம்: அதுவே அன்றைய சிங்கப்பூர். ஆனால் பெயர் நின்றது பாடகிக்குத்தான். குழு கலைந்த பின்னும் இசைத் தயாரிப்பாளராகத் திரைக்குப் பின்னாலேயே இருந்தார் ரெஜி.

வானொலியிலும் இதே கதைதான். பாடகர், இசையமைப்பாளர், கவிஞர் பெயர்களை அறிவிப்போம். ‘இளைய நிலா’ கிட்டாரை முதல் நொடியிலேயே கண்டுபிடிக்கும் நேயர்களில், வாசித்தவர் ஆர்.சந்திரசேகர் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

எழுபதுகளில் நீண்ட முடிக்கும் ராக் இசைக்கும் இங்கு கெடுபிடி வந்தது. 1972இல் ‘லெட் செப்பலின்’ குழுவையே முடியைக் காரணம் காட்டி உள்ளே விடவில்லை. அதற்கு முன் இருந்த துடிப்பான பத்தாண்டுகள் வீட்டு அலமாரி இசைத்தட்டுகளோடு ஒதுங்கிப்போயின.

ரெஜி மறைந்த அதே 2015இல்தான் லிட்டில் இந்தியா கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. பால்காரர், பொற்கொல்லர், அச்சுக்கூடம் என்று சிராங்கூன் சாலையின் நினைவுகளைப் போற்றுகிறோம். பெயரிலேயே கேரள வாசம் வீசும் ஒருவர் வாசித்த மின்கிட்டாரும் அந்த மரபில் சேரும் என்றே நினைக்கிறேன்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போய் முதல் கிட்டார் வாங்கப்போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கிளம்பும் முன் ‘ஷாண்டி’யைக் கேட்கச் சொல்லுங்கள். யூடியூபில் இருக்கிறது.