மருந்து வேலை செய்யும்போது ஏறும் காய்ச்சல்

எச்ஐவி உள்ள ஒருவர் காசநோயோடு மருத்துவமனைக்கு வருகிறார். காசநோய் மாத்திரை தொடங்கிய சில நாட்களில் காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது, எடை கொஞ்சம் கூடுகிறது. அடுத்ததாகக் கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் எச்ஐவிக்கான ஏ.ஆர்.டி மாத்திரையைக் கொடுக்கிறார்கள். இரண்டு, மூன்று வாரம் போனதும் மறுபடி காய்ச்சல். வற்றிப்போயிருந்த கழுத்து நெறி எலுமிச்சை அளவுக்கு வீங்கி, மேல்தோல் சிவந்து, தொட்டாலே வலிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது. புது மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளியும் வீட்டாரும் முடிவு கட்டி, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அதுதான். ஏனென்றால், அந்த மாத்திரை வேலை செய்வதால்தான் காய்ச்சல் வந்திருக்கிறது.

மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஐரிஸ்’ என்கிறார்கள். எதிர்ப்பாற்றல் மீண்டு வரும்போது உண்டாகும் அழற்சி என்று விரித்துச் சொல்லலாம். எச்ஐவி கிருமி, உடலின் எதிர்ப்பாற்றலை இயக்கும் சிடி4 அணுக்களை அழிக்கிறது. ஆரோக்கியமானவரிடம் ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும் இந்த அணுக்கள், முற்றிய நிலையில் 50க்கும் கீழே போய்விடும். அப்போது காசநோய்க் கிருமி உடலெங்கும் பரவினாலும் எதிர்த்து நிற்க ஆளில்லை. காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் எதிர்ப்பாற்றல் போராடுவதன் அடையாளங்கள். போராட்டமே இல்லாதபோது நோய் சத்தமில்லாமல் வளரும். ஏ.ஆர்.டி தொடங்கிய சில வாரங்களிலேயே எச்ஐவியின் அளவு சரிகிறது. நிணநீர்ச் சுரப்பிகளில் முடங்கிக் கிடந்த நினைவு அணுக்கள் ரத்தத்துக்கு வருகின்றன. உடலெங்கும் குவிந்து கிடக்கும் கிருமிகளையும், செத்த கிருமிகளின் மிச்சங்களையும் அவை அடையாளம் கண்டு, ஒரே சமயத்தில் தாக்கத் தொடங்குகின்றன. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. வீங்கிய நெறியில் ஊசி குத்தினால் சீழ் வரும். நுண்ணோக்கியில் கிருமிகூடத் தெரியலாம். ஆனால் அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் பல நேரம் வளர்வதில்லை. கிருமி செத்துவிட்டது, சண்டை மட்டும் ஓயவில்லை.

இது இரண்டு விதமாக வரும். ஏற்கெனவே கண்டுபிடித்து மருந்து கொடுத்துவரும் நோய் திடீரென மோசமாவது போலத் தோன்றுவது ஒன்று. உள்ளே ஒளிந்திருந்த, யாரும் அறியாத நோய், ஏ.ஆர்.டி தொடங்கியதும் சீறிக்கொண்டு வெளியே வருவது இன்னொன்று. இரண்டாவது வகையில் அந்த நோய்க்கு மருந்தே இன்னும் தொடங்கியிருக்காது என்பதால் ஆபத்து அதிகம். காசநோய் மட்டும் இப்படி வருவதில்லை. மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும் சிஎம்வி வைரஸ், அக்கி, மஞ்சள்காமாலை பி, தொழுநோய் என்று பட்டியல் நீளம். தோலில் தேமல் போலக்கூட இல்லாதிருந்த ஒருவருக்கு, ஏ.ஆர்.டி தொடங்கிய பின் சிவந்து தடித்த தொழுநோய்ப் படைகள் தோன்றிய நிகழ்வுகள் இந்தியாவிலும் பிரேசிலிலும் பதிவாகியிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் பிரெஞ்ச் உள்ளிட்ட மருத்துவர்கள் 1992ல் ஐரிஸின் முதல் தடயங்களை எழுதினார்கள். அன்று கையில் இருந்தது சிடோவுடின் என்ற ஒற்றை மருந்துதான். 1996க்குப் பின் மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சை வந்ததும், உலகெங்கும் மருத்துவர்கள் இந்தக் குழப்பமான காய்ச்சலைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2010ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளிலிருந்து 13,103 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஏற்கெனவே காசநோய் இருந்து ஏ.ஆர்.டி தொடங்கியவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு ஐரிஸ் வந்தது. அப்படி வந்தவர்களில் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலோடு வந்த ஐரிஸில் ஐந்தில் ஒருவர் இறந்தார். ஒரே அழற்சிதான், கழுத்தில் வந்தால் வேதனை, மண்டையோட்டுக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து. வீங்குவதற்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் காசநோயை முதலில் முழுதாகக் குணப்படுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏ.ஆர்.டி தொடங்கலாமே என்று தோன்றும். பல ஆண்டுகள் அந்த எண்ணம் மருத்துவர்களிடமும் இருந்தது. அந்தத் தயக்கத்துக்கு உயிர்கள் விலையாகப் போயின. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 642 பேரிடம் நடந்த சாபிட் ஆய்வில், காசநோய் சிகிச்சையின்போதே ஏ.ஆர்.டி தொடங்கியவர்களிடம் மரணம் 56 சதவீதம் குறைவு. கம்போடியாவின் ஐந்து மருத்துவமனைகளில் நடந்த கமேலியா ஆய்வு இன்னும் கூர்மையான கேள்வியைக் கேட்டது: இரண்டு வாரமா, எட்டு வாரமா? சேர்க்கப்பட்ட 661 பேரும் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள்; சிடி4 எண்ணிக்கையின் இடைநிலை வெறும் 25. இரண்டாவது வாரத்தில் ஏ.ஆர்.டி பெற்றவர்களில் 59 பேர் இறந்தார்கள். எட்டு வாரம் காத்திருந்தவர்களில் 90 பேர். சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு ஐரிஸ் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. அப்படியும் அவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். ஐரிஸ் பற்றி நோயாளியிடம் சொல்ல ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், கம்போடியா தந்த இந்தக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும்.

மூளை மட்டும் இதற்கு விதிவிலக்கு. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் கண்ட 177 பேரிடம் நடந்த கோட் ஆய்வின் முடிவு 2014ல் வெளியானது. ஓரிரு வாரத்தில் ஏ.ஆர்.டி பெற்றவர்களில் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். ஐந்து வாரம் காத்திருந்தவர்களில் 30 சதவீதம். கூடுதல் மரணங்கள் எல்லாவற்றையும் ஐரிஸ் கணக்கில் எழுத முடியவில்லை என்றாலும், அவசரம் உதவாது என்பது தெளிவானது. அதனால்தான் இப்போதைய வழிகாட்டுதல்கள், பொதுவாகக் காசநோய் என்றால் இரண்டு வாரத்துக்குள்ளும், பூஞ்சை மூளைக்காய்ச்சல் என்றால் நான்கு முதல் ஆறு வாரத்திலும் ஏ.ஆர்.டி தொடங்கச் சொல்கின்றன. காசநோய் மூளைக்காய்ச்சலுக்கும் குறைந்தது நான்கு வாரம் பொறுக்கச் சொல்கின்றன.

காய்ச்சல் வந்துவிட்டது, அது ஐரிஸ்தானா? இதைச் சொல்ல ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மற்றவை ஒவ்வொன்றையும் விலக்கித்தான் இந்த முடிவுக்கு வர முடியும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? மருந்து ஒவ்வாமையா? வேறு புதுத் தொற்றா? எல்லாவற்றுக்கும் மேலாக, காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத ரகமா? கேப் டவுன் மருத்துவர்கள் ஐரிஸ் என்று அனுப்பப்பட்டவர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அதுவரை தெரியாமல் இருந்தது. கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சிபிநாட் சோதனையில் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. அதைப் பார்க்காமல், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுப்பது, எரியும் வீட்டில் தீயணைப்பவர்களை விலக்குவதற்குச் சமம்.

லேசான ஐரிஸ் பெரும்பாலும் தானாக அடங்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து, சீழ் கட்டினால் ஊசியால் உறிஞ்சி எடுப்பது, கூடவே நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவது, இவ்வளவே போதும். மூச்சுத் திணறல், பெரிய கட்டிகள், மூளை அறிகுறிகள் என்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம், பிறகு பாதி அளவு இரண்டு வாரம் என்ற முறையை கிரேம் மெயின்ட்ஜஸ் குழுவினர் தென்னாப்பிரிக்காவில் சோதித்து, 2010ல் பலனை நிறுவினார்கள். அளவு ஏன் இவ்வளவு அதிகம்? ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டை ஈரலில் வேகமாகச் சிதைத்துவிடும். அதே குழு 2018ல் ஒரு படி முன்னே போனது. சிடி4 100க்குக் கீழே இருந்த 240 காசநோயாளிகளுக்கு, ஐரிஸ் வருமுன்னரே, ஏ.ஆர்.டியோடு சேர்த்து நான்கு வாரம் குறைந்த அளவு ஸ்டீராய்டும் வெற்று மாத்திரையும் பிரித்துக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 46.7 சதவீதம் பேருக்கு ஐரிஸ் வந்தது. ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களில் 32.5 சதவீதம். கபோசி சார்கோமா என்ற புற்றுக்கட்டி உள்ளவர்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு ஆகாது. கட்டி வேகமாக வளர்ந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் உறுதியானது 1986ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டியைத் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியமும் முதல் மையங்களில் ஒன்று. காசநோய்க்கென்று 1928ல் எழுந்த அந்த வளாகத்தில் எச்ஐவியும் காசநோயும் ஒரே கட்டிலில் சந்தித்தன. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், இரண்டு நோயும் உள்ளவர்களிடம் ஐரிஸை ஆராய்ந்து, ரத்தத்தில் இன்டர்லூகின்-6 அளவை வைத்து அதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்றும் பார்த்திருக்கிறது.

2017 முதல் இந்தியாவில், எச்ஐவி உறுதியானால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே சிகிச்சை என்பது கொள்கை. 400, 500 என்ற நிலையில் ஏ.ஆர்.டி தொடங்குபவருக்கு ஐரிஸ் வருவது அரிது. 50க்குக் கீழே விழுந்த பின் வருபவருக்குத்தான் அதிகம் வருகிறது. அவர்களிடம் ஏ.ஆர்.டி தொடங்குமுன் சளி, ரத்தம், தேவைப்பட்டால் சிறுநீர் எல்லாம் எடுத்து, ஒளிந்திருக்கும் காசநோயையும் பூஞ்சையையும் தேட வேண்டியிருக்கிறது. கிரிப்டோகாக்கஸைக் கண்டுபிடிக்கும் ரத்தச் சோதனைப் பட்டை பத்து நிமிடத்தில் பதில் சொல்லும். முதல் மூன்று மாதத்தில் காய்ச்சல், புது வீக்கம், விடாத தலைவலி, பார்வை மங்கல் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் மையத்துக்கு வரச் சொல்லி, மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று முதல் நாளே ஆற்றுப்படுத்துநர் சொல்லிவிட்டால், அந்தக் காய்ச்சல் வரும்போது நோயாளிக்கு அது எதிர்பார்த்த விருந்தாளிதான்.