உங்களுக்குத் தெரியுமா? எட்டுப் பேருக்குச் சேர்த்துத் தேடினால் டிக்கெட் விலை ஏறலாம்!

அப்பத்தா முதல் பேரன் வரை எட்டுப் பேர் கோடை விடுமுறைக்கு ஐரோப்பா கிளம்பும் வீடா? விமானத்தில் எகானமி இருக்கைகளையே பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான அடுக்கில் 5 இடம்தான் மிச்சம் என்று வையுங்கள். 8 பேருக்குத் தேடினால் பெரும்பாலும் எட்டுப் பேருக்குமே அடுத்த அடுக்கின் விலைதான் வரும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் 5, 3 என்று பிரித்துப் பதியலாம். ஆனால் விமானம் ரத்தானால் இரண்டு பிஎன்ஆரும் தனித்தனிதான். வயதானவர்களைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் காரைக்குடிப் பக்கம் என்றால், திருச்சி, மதுரை விமான நிலையங்கள் இரண்டுமே சுமார் 90 கி.மீ. ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இரண்டிலும் இல்லை. அங்கிருந்து கொழும்பில் மாறி லண்டன் போகும் விலையையும், சென்னை விலையோடு வேன் வாடகையைக் கூட்டி வரும் தொகையையும் ஒப்பிடுங்கள். பலர் வேனை மறந்துவிடுகிறார்கள்!

கைக்குழந்தைக்குப் பயணத்தின் நடுவே 2 வயது நிறைந்தால், திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 6 வயது நிறையாத குழந்தைகளுக்கு விசாக் கட்டணமே கிடையாது.