பொய்ப்பல் பராமரிப்பும் மாற்றவேண்டிய காலமும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. பல் போனால் சொல்லோடு உணவின் சுவையும் மென்று உண்ணும் ஆற்றலும் குன்றிவிடுகின்றன. இக்குறையை ஈடுசெய்யவே நம்மவர் 'பல் செட்' என்று கூறும் பொய்ப்பற்கள் உதவுகின்றன. கம்போங் குவாந்தான், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா முதலிய வட்டாரத் தோட்டங்களிலும் அவற்றை அணிந்துள்ள முதியோரைக் காணலாம். ஆயினும், ஒருமுறை கட்டிய பல் ஆயுள் முழுவதும் போதும் என்னும் எண்ணம் மக்களிடையே நிலவுகிறது. அது தவறான எண்ணமாகும்.

பால்மரமும் பல் செட்டும்

தோட்டத் தொழிலாளர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் கலந்து சூடேற்றினால் அது உறுதிபெறும் என்று கண்டறிந்தார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால் ரப்பர் மரக்கட்டைபோல் கடினமாகும். 1850களிலிருந்து பல் மருத்துவர்கள் இக்கடின ரப்பரைக் கொண்டே பல் செட்டின் அடித்தகட்டைச் செய்தனர். அதற்கு முன்னர் தங்கத்தாலும் தந்தத்தாலும் செய்யப்பட்ட செட்டுகளைச் செல்வர்களே வாங்க முடிந்தது. ரப்பர் வந்த பின்னரே எளிய மக்களுக்கும் பொய்ப்பல் கிட்டியது. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைய செட்டுகளுட் பெரும்பாலானவை அக்ரிலிக்கால் ஆனவை.

செட் தளர்வது ஏன்?

பற்களைத் தாங்கி நின்ற தாடையெலும்பு, பற்கள் நீங்கிய பின்னர் சிறிது சிறிதாகத் தேய்கிறது. பல் பிடுங்கிய முதல் ஆண்டில் இத்தேய்வு விரைவாக நிகழும். பின்னர் வேகம் குறைந்தாலும் நிற்பதில்லை. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையே மிகுதியாகத் தேய்கிறது. பால்மரம் பருக்கும்போது மங்கைத் தாங்கும் கம்பி இறுகுவதை நாம் கண்டிருக்கிறோம். வாயில் நிகழ்வது அதற்கு நேர்மாறானது. ஈறு சுருங்க, மாறாத வடிவமுடைய செட் தளர்ந்து ஆடத் தொடங்குகிறது. ஆகவே, செட் உடையாமல் பளபளப்பாக இருப்பினும் அது வாய்க்குப் பொருந்தாமற் போகக்கூடும்.

அன்றாடப் பராமரிப்பு

1. உணவு உண்டபின் செட்டைக் கழற்றி நீரில் அலசுக. வாயையும் கொப்பளித்துக்கொள்க.

2. நாள்தோறும் மென்மையான தூரிகையும் மிதமான சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவுக. பற்பசை, உப்பு, சாம்பல் ஆகியவை அக்ரிலிக்கைக் கீறிவிடும். கீறல்களில் கிருமிகள் தங்கும்.

3. கழுவும்போது கீழே நீர் நிறைந்த பாத்திரத்தையோ மடித்த துண்டையோ வைத்துக்கொள்க. பிரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் குழாயடியில் கைதவறி விழுந்தால் செட் உடைந்துவிடும்.

4. கொதிநீர் ஊற்றுதல் கூடாது. செட்டின் வடிவம் கெடும்.

5. இரவில் கழற்றித் தூய்மை செய்து, குளிர்ந்த நீரில் இட்டு வைக்க. ஈறுகளையும் நாவையும் மென்மையாகத் துடைத்திடுக.

இரவில் கழற்றாவிடில் ஈற்றில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டுச் சிவந்து புண்ணாகும். 85 வயதைக் கடந்த முதியோரிடையே ஜப்பானில் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, செட்டுடன் உறங்குவோருக்கு நிமோனியாக் காய்ச்சல் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்ததாகக் கூறுகிறது.

மாற்றவேண்டிய அறிகுறிகள்

பேசும்போதும் மெல்லும்போதும் செட் ஆடுதல் அல்லது ஓசை எழுதல், ஈறு நோதல், கடைவாயில் வெடிப்பு, பற்கள் தேய்ந்து மழுங்குதல், விரிசல், கன்னம் ஒட்டி முகம் குறுகித் தோன்றுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகளாகும். இவை தோன்றினால் பல் மருத்துவரைக் காண்க. சில வேளைகளில் செட்டின் உட்புறத்தில் புதிய படிவம் வார்த்தே சரிசெய்துவிடலாம். பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகளில் புதிய செட் தேவைப்படுகிறது. குறையேதும் தோன்றாவிடினும் ஆண்டுக்கொரு முறை பரிசோதனை அவசியம்.

உடைந்த செட்டைக் கடைப் பசையால் ஒட்டுவதும், அரத்தால் தாமே தேய்ப்பதும் கூடாது. மலிவாகப் பல் கட்டித் தருவதாகக் கூறும் போலி மருத்துவரிடம் செல்வதும் ஆபத்தானது. பதிவுபெற்ற பல் மருத்துவரையே நாடுக.

ஆறாத புண்

பொருந்தாத செட் உராய்வதால் புண் உண்டாவதுண்டு. செட்டைக் கழற்றி வைத்தால் அப்புண் சில நாள்களில் ஆறத் தொடங்கும். இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண், வெண்மையான அல்லது சிவந்த திட்டு, தடிப்பு ஆகியவற்றைச் 'செட் உராய்ந்தது' என்று அலட்சியம் செய்தல் ஆகாது. அவை வாய்ப் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் இந்நோய்க்கு முக்கிய காரணம். மலேசியாவில் இந்தியரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. இயற்கைப் பல் ஒன்றேனும் இல்லாதவரும் இப்பரிசோதனைக்கு விலக்கல்லர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

சுகாதார அமைச்சின் பல் மருத்துவ நிலையங்களில் பொய்ப்பல் கட்டும் சேவை உண்டு. காத்திருக்கும் காலம் நீளலாம் என்பதால், செட் முற்றிலும் பயனற்றுப் போகும் முன்னரே பெயரைப் பதிவு செய்துகொள்வது நன்று. லயத்தில் வாழும் பெற்றோர் கஞ்சியையும் மென்மையான உணவையுமே நாடுவதைக் கண்டால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல், பிள்ளைகள் அவர்தம் செட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். அடுத்த விடுமுறை நாளிலேயே அதற்கு ஆவன செய்க.