140 என்ற எல்லையும் கர்ப்பிணியின் மூச்சும்

அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர்களின் அமைப்பு 1985-இல் வெளியிட்ட நெறிமுறை, உடற்பயிற்சியின்போது கர்ப்பிணியின் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 140-ஐத் தாண்டலாகாது என்றும், கடும் பயிற்சி 15 நிமிடத்திற்கு மேல் நீளலாகாது என்றும் வரையறுத்தது. 1994-இல் அதே அமைப்பு அந்த 140-ஐக் கைவிட்டது; 2020-இல் உலக சுகாதார நிறுவனமோ, மருத்துவத் தடை ஏதுமற்ற கர்ப்பிணிகள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வாயும் வயிறுமாக இருப்பவள் அசையாமல் இருப்பதே பத்திரம் என்ற எண்ணம் பல வீடுகளில் இன்றும் நிலைத்திருக்க, மருத்துவம் எதிர்த்திசையில் நகர்ந்ததற்கான காரணங்கள் கர்ப்பிணியின் உடலியக்கத்திலேயே இருக்கின்றன.

கருவுற்ற பெண்ணின் உடலில் குருதியின் அளவு படிப்படியாக 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியும் 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. அமர்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 10 முதல் 20 வரை அதிகரித்துவிடுவதால், ஒருத்திக்கு 140 என்பது எளிய நடையிலேயே எட்டப்படும் எண்ணாகவும், மற்றொருத்திக்கு மூச்சிரைக்கும் உழைப்பின் அடையாளமாகவும் அமையக்கூடும். ஆகவே துடிப்பை மட்டும் வைத்து உழைப்பின் கடுமையை மதிப்பிடுவது பொருத்தமற்றதாயிற்று.

உடற்பயிற்சியின்போது குருதி தசைகளுக்குத் திருப்பப்படுவதால் சிசுவுக்குப் பிராணவாயு குறையுமோ என்பதே மருத்துவர்களின் பழைய அச்சம். கருப்பைக்குச் செல்லும் குருதி அப்போது ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் குருதியின் நீர்ப்பகுதி சற்றுக் குறைந்து அது செறிவடைவதால் ஒவ்வொரு துளியும் கூடுதல் பிராணவாயுவைச் சுமக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் பங்கும் அதிகரிக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கிளாப் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு முறையாகப் பயிற்சி செய்யாத பெண்கள் எட்டாவது வாரம் முதல் மிதமான பயிற்சியைத் தொடங்கியபோது, தாய்க்கும் சிசுவுக்கும் இடையே ஊட்டத்தைக் கடத்தும் நஞ்சுக்கொடி, பயிற்சி செய்யாதவர்களைவிட வேகமாக வளர்ந்தது.

வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் இன்றும் செல்லுபடியாகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் உருவெடுக்கும் நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது என்பதாலும், அக்காலத்தில் தாயின் உடல்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது குறைபாட்டுக்கு வழிவகுக்கக்கூடும் என்பதாலும், உச்சிவெயிலிலும் சூடேற்றப்பட்ட அறைகளிலும் பயிற்சி செய்வது தவிர்க்கப்பட வேண்டும்.

பயிற்சியின் பலன் மிகத் தெளிவாகப் புலப்படுவது சர்க்கரையில்தான். கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துவதால், கணையம் ஈடுகொடுக்க முடியாத பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு ஏற்படுகிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த சோதனையில், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்த இரண்டு மணி நேரத்தில் குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டினால் அது இந்நோயாகக் கொள்ளப்படுகிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையின்றியே சர்க்கரையை உள்ளிழுக்கும் வாயில்களைத் தன் செல்களின் மேற்பரப்புக்குக் கொண்டுவருவதால், சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதே சர்க்கரை ஏறுவதைத் தணிக்கிறது. கனடாவில் 2018-இல் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின்படி, பயிற்சி செய்தவர்களிடம் கர்ப்பகால நீரிழிவும் உயர் ரத்த அழுத்தச் சிக்கல்களும் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தன.

கைவிடப்பட்ட எண்ணின் இடத்தில் இன்று அமர்ந்திருப்பது பேச்சு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல முடிந்து, பாட மட்டும் முடியாமற்போனால் அந்த வேகம் மிதமானது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நேர்ந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நடை, நீச்சல், நிலைமிதிவண்டி ஆகியவற்றோடு, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் ஏற்றது. வயிறு முன்தள்ள உடலின் சமநிலை மாறுவதால், விழுந்துவிட வாய்ப்புள்ள விளையாட்டுகளும் வயிற்றில் அடிபடக்கூடியவையும் விலக்கப்பட வேண்டும். ஐந்தாம் மாதத்திற்குப் பின் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தி இதயத்திற்குத் திரும்பும் குருதியைக் குறைத்துத் தலைசுற்றலை உண்டாக்கக்கூடும் என்பதால், படுத்துச் செய்யும் பயிற்சிகளை நீண்ட நேரம் தொடரலாகாது.

வாரத்திற்குப் பரிந்துரைக்கப்பட்ட 150 நிமிடம் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிபவருக்கு அது சேர்க்க வேண்டிய உழைப்பு. வயலில் களையெடுப்பவரும் சித்தாள் வேலை செய்பவரும் அந்த அளவை எப்போதோ கடந்திருப்பார்கள் என்பதால், அவர்களுக்குத் தேவைப்படுவது இடையிடையே ஓய்வும் போதிய உணவுமே. 2019-21-இன் தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அது கடுமையாக இருப்பவர்கள் முதலில் சிகிச்சை பெற வேண்டுமே தவிர, பயிற்சியைத் தொடங்கலாகாது.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், கருப்பை வாய் பலவீனமாகித் தையலிடப்பட்டவர்கள், குறைப்பிரசவ அறிகுறி உள்ளவர்கள், ரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பு நோயாளிகள், தீவிர இதய நோயாளிகள் ஆகியோருக்கும் பயிற்சி பொருந்தாது. உதிரப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நெஞ்சுவலி, தலைசுற்றல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.

முழுப் படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. கால் நாளங்களில் குருதி உறையும் ஆபத்தை அது கூட்டவும் செய்கிறது. மருந்தைப் போலவே ஓய்வுக்கும் தக்க காரணமும் கால அளவும் வேண்டும் என்பதால், 'சும்மா இரு' என்று யார் சொன்னாலும், அதற்கான காரணம் என்ன, எத்தனை நாளைக்கு என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டறிவது கர்ப்பிணியின் உரிமையாகும்.