இல்லாளின் அச்சமும் இரு சக்கர வண்டியும்

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் புதிதாக வீணை கற்கத் தொடங்கினால் அயலவர் மெச்சுவர். வடமொழி கற்கத் தொடங்கினாலும் மெச்சுவர். மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்கப் போவதாகச் சொன்னால் மெச்சுவார் எவருமிலர். இவ்வுண்மையை நாம் 2022ஆம் ஆண்டு யூலை மாதத்து மாலைப்பொழுதொன்றில், வெள்ளவத்தையில் உள்ள எம் தொடர்மாடி வீட்டின் பல்கணியில் அறிந்துகொண்டோம்.

எமக்கு அந்த ஆசை காரணமின்றிப் பிறக்கவில்லை. நாம் கற்பிக்கும் கல்லூரி கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர். காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கே மற்றொரு பஸ்ஸுக்குக் காத்திருப்பது எம் நெடுநாள் வழக்கம். அவ்வாண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டில் பஸ்களே அருகிப் போயின. கியூ.ஆர். அட்டை முறையை அரசாங்கம் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்தது. கணித ஆசிரியரல்லாத எமக்கும் அக்கணக்கு எளிதாக விளங்கிற்று. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினாலும் வாரத்துக்கு 160 ஆகிறது. கல்லூரிக்குப் போய்வர 100 போதும். இதனை இல்லத்தரசியாரிடம் பெருமையோடு எடுத்துரைத்தோம்.

“இஞ்சாருங்கோ, உந்தக் கணக்கு எனக்கும் தெரியும். என்ரை அண்ணை விழுந்த கணக்கையும் சேத்துப் பாருங்கோ” என்றார் அவர்.

அவருடைய தமையனார் இளமையில் யாழ்ப்பாணத்தில் மழை நாளொன்றில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர். ஆறு மாதம் கட்டிலிற் கிடந்தார். இன்றும் ஒரு காலைச் சற்றே இழுத்துத்தான் நடக்கிறார். அப்போது பாடசாலைச் சிறுமியாயிருந்த எம் மனைவியாரே அண்ணனுக்கு ஆறு மாதமும் கஞ்சி ஊட்டியவர். இதையெல்லாம் அறிந்திருந்தும் நாம், “ஆயிரம் பேர் ஓட்டுகிறார்கள், எல்லோருமா விழுகிறார்கள்?” என்று கேட்டுவிட்டோம். “விழுந்தவையும் அந்த ஆயிரத்துக்கைதான் இருந்தவை” என்று விடை வந்தது. அன்று அதன்மேல் எமக்குப் பேச்சு எழவில்லை.

அச்சம் பொய்யன்று

பின்னர் நாம் ஆறுதலாக யோசித்தோம். தர்க்கத்தில் எதிர்ப்பக்கத்தார் சொல்வது உண்மையாயின் அதனை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மாணவருக்குப் போதிப்பவர் நாம். அவர் சொன்னது உண்மையன்றோ? இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2000 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். வேறெந்த வகை வாகனத்திற் செல்வோரைக் காட்டிலும் மோட்டார் சைக்கிளிற் செல்வோரே அவர்களுள் அதிகம். நாட்டிற் பதிவுபெற்ற வாகனங்களிற் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களே என்பது அதற்கு ஒரு காரணம். மற்றக் காரணம் வெளிப்படை. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக்கூடு இருக்கிறது. சைக்கிளில் இருப்பவரைச் சுற்றி இருப்பது காற்றுத்தான்.

ஆகவே, “ஒன்றும் நேராது” என்று இல்லாளுக்கு ஆறுதல் சொல்வது பொய் சொல்வதாகும். “எது எதனால் நேர்கிறது? அவற்றுள் எதனை நாம் தடுக்கலாம்?” என்று இருவருமாக ஆராய்வதே நேர்மையான வழி. அவ்வழியில் இறங்கினோம்.

லோரன்ஸின் வீழ்ச்சி

முதல் அச்சம் தலையைப் பற்றியது. ‘அரேபிய லோரன்ஸ்’ என்று உலகம் அறிந்த தோமஸ் எட்வேர்ட் லோரன்ஸ் பாலைவனப் போர்களில் உயிர் தப்பியவர். 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில், தம் வீட்டுக்கு அருகே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். துவிச்சக்கர வண்டியில் வந்த சிறுவர் இருவரைத் தவிர்க்க முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையிற் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து 19ஆம் நாள் இறந்தார், வயது 46.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திர சிகிச்சை நிபுணர். அந்த மரணம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் இன்றியமையாமையை 1941இல் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் தூது வீரருக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்நாட்டில் அது சட்டமானது 1973இல்தான். பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட மதிப்பீடொன்று, கவசம் அணிவதால் மரண அபாயம் ஏறத்தாழ 42 வீதமும் தலைக்காய அபாயம் 69 வீதமும் குறைவதாகக் காட்டுகிறது.

கவசம் காக்கும் விதத்தையும் இல்லத்தரசியாருக்கு விளக்கினோம். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் இறுகிய நுரை நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீளாது. ஆதலால் விபத்தில் அடிபட்ட கவசத்தை மறுபடி அணியலாகாது. தாடைப்பட்டி கட்டாத கவசமோ தலைக்கு முன்பே பறந்துவிடும்.

“அண்ணை அண்டைக்குத் தொப்பியைக் கைபிடியிலை கொழுவிக்கொண்டு போனவர்” என்று அவர் மெல்லச் சொன்னார். அதை அவர் எவரிடமும் முன்னர் சொன்னதில்லை.

காணாத கண்கள்

“நீங்கள் கவனமாய்ப் போவியள், மற்றவன் வந்து இடிச்சால்?” என்பது அடுத்த வினா. இதற்கும் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் ஹாரி ஹேர்ட் என்பவரும் அவர் குழுவினரும் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நடந்த இடத்திலேயே ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டனர். விபத்துக்களில் முக்காற் பங்கு மற்றொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றுள் மூன்றில் இரு பங்கில், வழிவிட வேண்டிய மற்றச் சாரதியே வழிவிடத் தவறியிருந்தார். பெரும்பாலும் அவர் மோட்டார் சைக்கிளைக் கண்டிருக்கவே இல்லை. விபத்துற்ற ஓட்டுநரில் 92 வீதத்தினர் தாமாகவோ உறவினர் நண்பரிடமோ ஓட்டப் பழகியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவங்கூட இல்லாதவர்கள்.

இதிலிருந்து எமக்குப் பாடங்கள் கிடைத்தன. முறையான ஆசிரியரிடம் பழகவேண்டும். முதல் மாதங்களே மிகுந்த அபாயமானவை. பிறர் எம்மைக் காண்பர் என்று நம்பாமல், காணும்படி ஓட்டவேண்டும். பகலிலும் முன்விளக்கு எரியட்டும், மேற்சட்டை பளிச்சென்று இருக்கட்டும். கொட்டாஞ்சேனை துறைமுகத்தின் அயல். அங்கே கொள்கலன் லொறிகள் மிகுதி. லொறியின் பக்கக் கண்ணாடி எமக்குத் தெரியாவிடின் அதன் சாரதிக்கு நாம் தெரியமாட்டோம். திரும்புகின்ற லொறியின் உட்புறம் நுழைவது யமனுக்கு வழி கேட்பதாகும்.

வேகத்தின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. மணிக்கு 30 கிலோமீற்றரில் ஒரு விநாடிக்குள் 8 மீற்றருக்கு மேல் ஓடுகிறோம். 60 ஆனால் ஏறத்தாழ 17 மீற்றர். பிறேக் பிடித்த பின் நிற்க எடுக்கும் தூரமோ இரு மடங்காகாது, நான்கு மடங்காகும்.

நாட்காட்டித் தாளில் ஒப்பந்தம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்தரசியார் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நிபந்தனைகளை எழுதினார். நல்ல தலைக்கவசம் வாங்கும் வரை வண்டியைத் தொடக்கூடாது. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழுக்குப் போகுமுன் கண்ணாடியை மாற்றவேண்டும். பயிற்சிப் பாடசாலையிற் பழகவேண்டும். முதல் ஆறு மாதம் இரவிலும் மழையிலும் ஓட்டக்கூடாது. மகனை ஏற்றக்கூடாது. ஆயுட் காப்புறுதித் தவணையைத் தவறவிடக்கூடாது.

நாமும் ஒன்று கேட்டோம்: நாம் வீதியில் இருக்கும் வேளையில் அவர் தொலைபேசியில் அழைக்கக்கூடாது. மணி அடித்தால் மனம் அதன் பின்னே போகும். அச்சத்தால் எடுக்கும் அழைப்பே அஞ்சியதைக் கொண்டுவந்துவிடலாம். சேர்ந்தவுடன் நாமே அறிவிப்போம் என்றோம். அவர் சிறிது தயங்கி, அதனையும் எழுதிக்கொண்டார்.

பழகிய நாள்களில் அவர் தேநீர்ப் போத்தலோடு வந்து மர நிழலில் இருந்து பார்த்தார். முன் பிறேக்கும் பின் பிறேக்கும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி நிற்பதை நாம் நூறு முறை செய்தோம். “திரும்பேக்கை தோளுக்கு மேலாலை பாக்கிறியள் இல்லை” என்று அவர் கண்டுபிடித்த பிழையை ஆசிரியரும் ஆமோதித்தார்.

மழை பெய்த மாலை

2020 முதல் வாகன இறக்குமதிக்குத் தடை இருந்தமையால் வண்டி விலை எட்டாத உயரத்தில் நின்றது. 2023இல் பழைய வண்டியொன்றை வாங்கி, ரயரும் பிறேக்கும் புதிதாக்கினோம். இரண்டாம் மாதத்தில், ஐப்பசி மாலையொன்றில், கொட்டாஞ்சேனையை விட்டுப் புறப்படும்போது இடியோடு மழை பிடித்தது. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து வீதி வழுக்கும். வெள்ளைக்கோடுகள் அதனினும் வழுக்கும். பொன்னம்பலவாணேசுவரர் கோவிற் பக்கம் ஒதுங்கி, “மழைக்கு நிற்கிறோம்” என்று செய்தி அனுப்ப முயன்றோம். தொலைபேசியில் மின்சக்தி தீர்ந்திருந்தது.

ஒன்றேகால் மணி நேரம் தாமதித்து வீடு சேர்ந்தோம். கதவு திறந்தே இருந்தது. இல்லத்தரசியார் தொலைபேசியைக் கையில் வைத்தபடி நின்றார். பின்னர் பார்த்தோம், அவர் ஒருமுறைகூட அழைத்திருக்கவில்லை.

“மழைக்கு நிண்டனீங்களோ?”

“ஓம்.”

“அப்பிடித்தான் நினைச்சனான்” என்று சொல்லித் துவாயை நீட்டினார். அவர் கை நடுங்கியது. ஆயினும் குரல் நடுங்கவில்லை. அச்சத்தை நீக்கியது எம் புள்ளிவிபரம் அன்று, ‘இவர் மழைக்கு நிற்பார்’ என்று அவர் நம்பக்கூடிய அளவுக்கு நாம் நடந்துகொண்டமையே என்பது அன்று புலனாயிற்று.

மாணவ நண்பர்களே, வண்டி கேட்டு வீட்டில் வாதாடும்போது தாயாரின் அச்சத்தை நகையாடாதீர்கள். அதனைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் செயலால் விடை கொடுங்கள். பெற்றோரும் மனைவியரும் “வேண்டாம்” என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், எதற்கு அஞ்சுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் நன்று. தெளிவற்ற அச்சம் வீட்டிற் சண்டையாகும். தெளிந்த அச்சம் வீதியிற் காவலாகும்.

அவருடைய அச்சம் முற்றாகப் போய்விடவில்லை, போகவும் வேண்டாம். இன்றும் காலையில் நாம் படியிறங்கும்போது மேலிருந்து ஒரு குரல் வரும்: “பட்டி கட்டியாச்சோ?”

கட்டிவிட்டே விடை சொல்கிறோம்.