இரு விரல் உயர்த்திச் சத்தியம்

ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் கடைவீதியை ஒட்டி நிற்கிறது பழைய நகர மன்றம். அதற்குள் இருக்கும் 'அமைதி மண்டப'த்தில்தான் முப்பதாண்டுப் போரை முடித்த உடன்படிக்கை கையெழுத்தானது என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. 1648 அக்டோபர் 24 அன்று அந்தக் கையெழுத்துகள் விழுந்தது நகரின் வேறு இடங்களில். இந்த மண்டபம் பார்த்தது அதே ஆண்டு மே 15 அன்று நடந்த சத்தியத்தை. ஸ்பெயினும் நெதர்லாந்தும் எண்பதாண்டுப் பகையை அன்று முடித்துக்கொண்டன.

டச்சு ஓவியர் ஜெரார்ட் டெர் போர்ஹ் அந்தக் காட்சியைச் செப்புத் தகட்டில் தீட்டினார். டச்சுத் தூதர்கள் இரு விரல்களை உயர்த்தி நிற்கிறார்கள். ஸ்பெயின் தூதரின் கையோ பைபிள்மேல் இருக்கிறது. சீர்திருத்த சபையினரும் கத்தோலிக்கரும் அவரவர் முறைப்படியே சத்தியம் செய்தார்கள். யாரும் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஓவியரும் எட்டிப் பார்க்கிறார். இந்த ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குச் சொந்தமானது.

முப்பதாண்டுப் போரை முடிப்பதற்கான பேச்சுவார்த்தை ஒரே ஊரில் நடக்கவில்லை. பிரான்ஸ் தூதர்கள் மியூன்ஸ்டரில், ஸ்வீடன் தூதர்கள் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஓஸ்னாபுரூக்கில். ஆண்டுக்கணக்கில் பேச்சு இழுத்தது. அதுவரை போர்நிறுத்தமும் இல்லை. மியூன்ஸ்டரில் கையெழுத்தான வேளையிலும் ஸ்வீடன் படை பிராக் நகரைத் தாக்கிக்கொண்டுதான் இருந்தது.

அமைதிக்குப் பேர்போன கட்டடத்தையும் போர் விட்டுவைக்கவில்லை. 1944 அக்டோபரில் விழுந்த குண்டுகளில் நகர மன்றம் எரிந்து, முகப்பு சரிந்தது. மண்டபச் சுவர்களை மூடியிருந்த 16-ம் நூற்றாண்டு மரவேலைப்பாடுகளை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்ததால் அவை மட்டும் தப்பின. 1950-ல் தொடங்கிய மறுகட்டுமானம் 1958-ல் முடிந்தது.

உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த 2022 நவம்பரில் ஜி7 வெளியுறவு அமைச்சர்கள் இங்கே கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்காக மண்டபத்தின் பழைய சிலுவையை அகற்றியது ஜெர்மனியில் பெரிய சர்ச்சையானது. 1648-ல் கூடியவர்களுக்கு மத நம்பிக்கையைக் குறித்த சச்சரவு இதைவிடப் பல மடங்கு பெரிது. அதற்காகவே லட்சக்கணக்கானோர் செத்திருந்தார்கள். ஆனாலும் எதிரியின் சத்தியத்தை அவன் முறையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். மனம் ஒத்துப்போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் எந்தப் போரும் முடியாது.