சீயஸ்: மாஸ்டர் ஆஃப் ஒலிம்பஸ் - வள மேலாண்மையும் பொருளாதாரமும்

சீயஸ்: மாஸ்டர் ஆஃப் ஒலிம்பஸ் என்பது பண்டைய கிரேக்கத்தைக் களமாகக் கொண்ட நகர அமைப்புக் கணினி விளையாட்டு ஆகும். இம்ப்ரஷன்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இதனைச் சியரா நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. சீசர் 3 (1998), ஃபாரோ (1999) ஆகியவற்றை அடுத்து வந்த இவ்விளையாட்டின் விரிவாக்கம் 2001இல் வெளிவந்தது. நகரை ஆளும் ஆட்டக்காரர் உற்பத்தி, பகிர்வு, வணிகம், வரி ஆகியவற்றைத் திட்டமிட வேண்டும்.

உற்பத்தி

மீன், கோதுமை, வெங்காயம், பாலாடைக்கட்டி முதலிய உணவுகள் களஞ்சியத்திலும், பிற பொருட்கள் பண்டகசாலையிலும் சேமிக்கப்படுகின்றன. ஒலிவம் எண்ணெயாகவும், திராட்சை மதுவாகவும், வெண்கலம் கவசமாகவும் மாற்றப்படுகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கு சேகோ ஆலைகளில் சவ்வரிசியாவதை இதற்கு ஒப்பிடலாம். கிழங்கு வராவிடில் ஆலை நின்றுவிடும், விளையாட்டிலும் அவ்வாறே.

பகிர்வு

அகோரா எனப்படும் சந்தையின் விற்பனையாளர் தெருக்களில் நடந்து பொருட்களை வழங்குவர். அவர் செல்லும் வழியில் அமையாத வீடுகளுக்கு எதுவும் கிடைக்காது. உணவு, நீர், ஆட்டு உரோமம், எண்ணெய் ஆகியவை கிடைக்கக் கிடைக்கப் பொதுமக்களின் வீடுகள் வளரும். வளர்ந்த வீட்டில் கூடுதலானோர் வசிப்பர். மது, கவசம், குதிரை ஆகியவற்றை நாடும் மேட்டுக்குடியினர் தொழில்களில் ஈடுபடுவதில்லை; போர்க்காலத்தில் படைவீரர் ஆவர்.

வருவாயும் வணிகமும்

நாணயம் திராக்மா ஆகும். வரி, ஏற்றுமதி, வெள்ளி நாணயச்சாலை ஆகியன வருவாய் தருவன. கட்டுமானம், கூலி, இறக்குமதி ஆகியன செலவுகள். கூலியைக் குறைத்தால் மக்கள் வெளியேறுவர். எந்த நகரிலும் எல்லாப் பொருட்களும் விளையா என்பதால் வணிகம் இன்றியமையாதது. இது வரலாற்றை ஒட்டியதே. ஏதென்சு நகரம் லாரியம் சுரங்க வெள்ளியைக் கொண்டு நாணயம் வார்த்தது. எண்ணெயை ஏற்றுமதி செய்து, கருங்கடற் பகுதியிலிருந்து தானியம் பெற்றது.

நகரின் வீழ்ச்சி

உணவைப் பெருக்காமல் வீடுகளை மட்டும் கட்டுவது புதிய ஆட்டக்காரர் செய்யும் பொதுவான தவறு. களஞ்சியம் வெறுமையானால் வீடுகள் தாழ்நிலை அடைந்து மக்கள் வெளியேறுவர். ஆட்குறைவால் பண்ணைகளின் விளைச்சல் மேலும் குறையும், வரியும் குறையும். அப்போது பணத்தைக் கொட்டிப் புதிய பண்ணைகளைக் கட்டுவதால் பயனில்லை, அவற்றில் உழைக்க ஆளிருக்காது. உணவுத் தொழிலுக்குத் தொழிலாளர் ஒதுக்கீட்டில் முன்னுரிமை அளிப்பதே முதற் தீர்வாகும். ஆகவே இவ்விளையாட்டில் ஒரு நகரின் வலிமை கருவூலத்தின் அளவில் இல்லை. வயலிலிருந்து வீடு வரை பொருள் தடையின்றிச் சென்று சேர்வதில் உள்ளது.